ஆறாம் இடத்துச் சல்பேட்

மழை இறங்கிய மலையில் அட்டையைப் போல நுட்பமாக வேலை பார்க்கும் ஆள் கிடையாது. ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை என்று எந்தப் பக்கம் போனாலும், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கான்கரைப் புல்நுனியில் பின்வாயை ஊன்றி, முன்னுடம்பைத் தூக்கி, காற்றைத் துழாவிக்கொண்டு நிற்கும். ஐந்து ஜோடிக் கண் இருந்தும் வெளிச்சமும் நிழலும்தான் அதற்குத் தெரியும். மிச்சத்தை மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் தரையின் அதிர்வும் சொல்லிக்கொடுக்கும். கொழுந்தெடுக்க இறங்கும் பெண்கள் காலில் சவுக்காரம் பூசிக்கொள்வார்கள். சிலர் உப்பு, சிலர் புகையிலைச் சாறு. இடுப்பில் கட்டிய படங்கு முழங்கால் வரைக்கும் காக்கும். அதற்குக் கீழே அட்டையின் ராஜ்ஜியம். விரலிடுக்கில் ஏறி உட்கார்ந்து மூன்று தாடைகளால் கீறும்போது வலி தெரியாது. கொழுந்து மடுவத்தில் கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போதுதான் கணுக்காலில் சிவப்புக் கோடு கண்ணில் படும். அதற்குள் அது குடித்து முடித்து உருண்டு விழுந்திருக்கும். புண்ணைத் துடைத்துப் பார்த்தால் மூன்று கீறல்கள் நடுவில் ஒன்றுகூடும் சின்னஞ்சிறு அடையாளம். துடைக்கத் துடைக்க ரத்தம் கசியும். பிறகு நாள் கணக்கில் அரிக்கும்.

கூலிக்கு மலையேறும் கால்களை வைத்து நயம் பேசுவது கொஞ்சம் குரூரமான காரியம்தான். இந்தக் கடி விளையாட்டில்லை. தேயிலைக்கும் முன்பு, கோப்பிக்கும் முன்பு, 1818இல் கண்டி நாட்டுக் கிளர்ச்சியை அடக்க மலையேறிய பிரித்தானியப் படையில் சென்னைச் சிப்பாய்களும் சுமை தூக்கிய கூலிகளும் இருந்தார்கள். அட்டைக்கடி புண்ணாகி, புண் புரையோடி, அவர்களில் பலர் செத்தே போனார்கள் என்று அப்போது தீவிலிருந்த ராணுவ மருத்துவர்கள் டேவியும் மார்ஷலும் எழுதியதைப் பின்னாளில் எமர்சன் டெனன்ட் எடுத்துச் சொல்கிறார். ஒரே கடி, ஒருத்தர் காலில் இரண்டு நாள் அரிப்போடு போகிறது. இன்னொருத்தர் காலில் ஆறாப் புண்ணாகிறது. இடையில் நடப்பதில் பெரும்பகுதி ஒரே கேள்விதான்: கிழிந்த இடத்துக்குப் புதிய நுண்குழாய்கள் வந்து சேர்ந்தனவா, இல்லையா? புண்ணின் அடியில் இளஞ்சிவப்பாகத் தளிர்க்கும் புதுச்சதையில் அந்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கும். அவற்றை வா என்று கூப்பிடுவதிலும் போ என்று தடுப்பதிலும் சீனிச் சரங்களுக்கு இருக்கும் பங்கைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப்போகிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பல்சக்கரைட்டு என்று போட்டிருப்பார்கள். மாப்பொருள் மாதிரி, சீனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்த நீளச் சரம். தின்பதற்கும் சேமிப்பதற்கும்தான் அது என்று நினைத்துக்கொண்டு நாம் பரீட்சை எழுதிவிட்டு வந்துவிட்டோம்.

முதலில் அட்டையின் வாய்ச்சாறு. 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் மருத்துவ அட்டையின் சாறு ரத்தத்தை உறையவிடாது என்று காட்டினார். அதிலிருந்த சின்னப் புரதம் ஹிருடின். 65 அமினோ அமிலங்கள். அது குளத்து அட்டை. காட்டுத் தரையில் நடக்கும் அட்டைக்கு வேறு சரக்கு. ஹீமாடிப்சா சில்வெஸ்ட்ரிஸ் என்ற இந்தியக் காட்டட்டையிலிருந்து 1993இல் ஹீமாடின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 57 அமினோ அமிலங்கள்தான். நம் மலையில் கடிக்கும் ஹீமாடிப்சா சைலானிகா அதே பேரினத்துப் பங்காளி. ஹிருடின், ஹீமாடின் இரண்டுக்கும் குறி ஒன்றுதான்: ரத்தத்தை உறைய வைக்கும் திரோம்பின் என்ற நொதி. அந்த நொதியில் வேலை நடக்கும் வாய் ஒன்று, அதைத் தவிர ஆள் பிடித்து நிறுத்த இரண்டு பக்கமும் இரண்டு இடங்கள். ஹிருடினின் வால் முதல் இடத்தில் போய் ஒட்டும். 2000இல் ஹீமாடினைத் திரோம்பினோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது, அதன் வால் எதிர்ப்பக்கம் திரும்பி இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டாவது இடம் ஹெபாரின் என்ற சீனிச் சரத்துக்கென்று இருக்கிற இடம்! சீனியில் சல்பேட்டுகள் தாங்கும் எதிர்மின் சுமையை, அட்டை தன் புரதத்தின் வாலில் அமிலக் குணமுள்ள அமினோக்களை அடுக்கிப் போலி செய்திருக்கிறது. இனிப்பே இல்லாமல் இனிப்பின் இடத்தில் போய் அமர்ந்த இந்த வாலுக்காகவே, கடித்த அட்டையைக் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். கடி வாங்கியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

சாற்றில் இன்னொரு சரக்கும் உண்டு. மருத்துவ அட்டையில் அதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்: ஹயலூரோனன் என்ற சரத்தை வெட்டும் நொதி. நம் தோலில் கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே நிரம்பிக் கிடக்கும் வழவழப்பு இந்த ஹயலூரோனன்தான். 1934இல் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து கார்ல் மேயரும் ஜான் பாமரும் இதைப் பிரித்தார்கள். இரண்டே இரண்டு சீனி, மாறி மாறி, ஆயிரக்கணக்கில். சல்பேட் கிடையாது, கிளை கிடையாது, அலங்காரம் எதுவும் கிடையாது. வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தம் 15 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் கரைந்து தினமும் புதிதாக உருவாகும். அட்டை இதை வெட்டுவது தன் சாறு தோலுக்குள் பரவ வழி திறப்பதற்காக.

இத்தனை எளிய சரத்தில் நயம் எங்கே ஒளிந்திருக்கும்? நீளத்தில். 1985இல் மான்செஸ்டரில் டேவிட் வெஸ்ட், ஷாந்த் குமார் குழுவினர் ஹயலூரோனனை நொதியால் துண்டாக்கி, கோழிக் கருவைச் சுற்றியுள்ள சவ்வில் வைத்துப் பார்த்தார்கள். நாலு ஜோடியிலிருந்து இருபத்தைந்து ஜோடி வரை நீளமுள்ள துண்டுகளைச் சுற்றிப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்தன. வெட்டாத நீளச் சரத்துக்கு அந்தக் குணம் இல்லை. பிறகு வளர்ப்புத் தட்டில் சோதித்தபோது விஷயம் இன்னும் கூர்மையானது: நீளச் சரம் குழாயின் உள்வரிக் கலங்களைப் பெருகவிடாமல் தடுத்தது, சிறு துண்டு பெருகச் செய்தது. பொருள் ஒன்றே, எடையும் ஒன்றே. முழுசாக இருந்தால் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம், துண்டாகிக் கிடந்தால் இங்கே எதுவோ கிழிந்துவிட்டது, குழாய் அனுப்பு என்று அர்த்தம். காயம் பட்டதைச் சொல்ல உடம்பு தனியாக ஓர் ஆளை அனுப்பவில்லை. கிழிந்த துணியே சாட்சி சொல்கிறது. அட்டையின் நொதி வெட்டி முடித்த கடைசித் துண்டுகள் நாலு சீனி, ஆறு சீனி அளவுக்குச் சுருங்கிவிடும், அதாவது மான்செஸ்டர்க் கணக்கின் கீழெல்லைக்கும் கீழே. இது அட்டைக்கு லாபமா, நமக்கு நட்டமா என்று யோசித்துக்கொண்டே ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

அதே 1985இல் பொஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜோசப் அப்டன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை ஒட்டவைத்தார். உள்ளே போகும் ரத்தத்துக்கு வழி கிடைத்தது; வெளியே வரும் ரத்தத்துக்கு வழியில்லை. காது கறுத்து வீங்கியது. அட்டைகளை வரவழைத்து அதன்மேல் விட்டார்கள். புதிய சிரைகள் முளைத்துத் தாமே வேலையை எடுத்துக்கொள்ளும் வரை, தேங்கிய ரத்தத்தை அட்டை இறைத்துக்கொண்டிருந்தது. காது பிழைத்தது. ரத்தக் குழாய் வளர்ச்சியை ஒரு தனித் துறையாகவே ஆக்கிய ஜூடா ஃபோக்மனின் ஆய்வுக்கூடமும் அதே மருத்துவமனையில்தான் இருந்தது.

அந்தக் கூடத்தின் பக்கம் போவதற்கு அட்டைக்கடியின் அரிப்பே நல்ல வழி. தோலுக்குள் மாஸ்ட் கலம் என்று ஒரு வகை உண்டு; உள்ளே முழுக்கச் சிறு சிறு பொதிகள். அந்நியச் சாறு பட்டதும் பொதிகள் வெடிக்கும். அரிப்பைத் தரும் ஹிஸ்டமின் வெளியே வரும். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். பொதிக்குள் ஹிஸ்டமின் சும்மா கிடப்பதில்லை. ஹெபாரின் சரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அரிக்கும்போதெல்லாம் ஹெபாரினும் கொட்டுகிறது. புற்றுக் கட்டியை நோக்கிக் குழாய்கள் வளருமுன்பே மாஸ்ட் கலங்கள் அங்கே கூடிவிடுவதை 1976இல் ஃபோக்மன் குழு கவனித்தது. மாஸ்ட் கலத்தின் ஹெபாரின் பட்டால் நுண்குழாய்க் கலங்கள் நகர ஆரம்பிக்கின்றன என்று 1980இல் காட்டியது.

ஹெபாரின் என்றால் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி என்றுதான் நாம் அறிவோம். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிப் போய், நாயின் ஈரலில் அதற்கு நேர் எதிரான பொருளில் தடுக்கி விழுந்தார். இன்றைக்குப் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள். உடம்பில் கிடைக்கும் பெரிய மூலக்கூறுகளில் இதைப்போல எதிர்மின் சுமை நெருக்கமாகப் பதிந்தது வேறில்லை; இரண்டு சீனிக்கு இரண்டரைக்கு மேல் சல்பேட் என்பது சராசரிக் கணக்கு. இதன் ஒன்றுவிட்ட தம்பியான ஹெபாரான் சல்பேட் நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலத்தின் மேற்பரப்பிலும் இருக்கிறது. அதில் சல்பேட்டுகள் குறைவு. இங்கே கொத்தாக, அங்கே வெறுமையாக.

குழாயின் உள்வரிக் கலங்களை உடம்புக்கு வெளியே வளர்ப்பது லேசான காரியமில்லை. 1973இல் நியூயோர்க்கில் எரிக் ஜாஃபி, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தூக்கி எறியும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து அவற்றை நொதியால் கழற்றி எடுத்து வளர்த்தார். தட்டின் அடியில் ஒற்றை அடுக்காக, தோட்டத்து ரோட்டில் கல் பதித்த மாதிரி ஒன்றையொன்று ஒட்டிப் படரும் அழகு நுண்ணோக்கியில் பார்க்கத் தக்கது. ஆனால் சில தலைமுறை கடந்ததும் சோர்ந்துவிடும். மூளைச் சாற்றிலிருந்து கிடைத்த வளர்ச்சிப் புரதத்தைச் சேர்த்தால் கொஞ்சம் தெம்பு வரும். 1983இல் தோர்ன்டன் குழுவினர் அந்தச் சாற்றோடு துளி ஹெபாரினும் போட்டார்கள். மனிதக் குழாய்க் கலங்கள் தலைமுறை தலைமுறையாகத் தளராமல் பெருகின.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1977இல், க்ளௌஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலியின் கழுத்து நாடியில் உள்வரியைச் சிதைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உள்வரி போனால் சுவரிலுள்ள மழமழப்பான தசைக் கலங்கள் உள்நோக்கிப் பெருகிக் குழாயை அடைக்கும்; நெஞ்சடைப்புக்குச் சிகிச்சை செய்த குழாய் திரும்பவும் சுருங்குவது இப்படித்தான். ஹெபாரின் கொடுத்த எலிகளில் அந்தப் பெருக்கம் அடங்கிப் போனது. ஆக, ஒரே குழாயில் உள்ளே இருப்பவரை வளர் என்கிறது, வெளிச்சுற்றில் இருப்பவரைப் பேசாமல் இரு என்கிறது. ரத்தம் உறையாததால் வந்த பலனோ என்று சந்தேகம் வரும். உறைதலைத் தடுக்கும் பகுதியை நீக்கிய ஹெபாரினும் 1980இல் அதே வேலையைச் செய்தது. எனவே இது அதன் ரத்தத் தொழிலிலிருந்து வேறான இன்னொரு தொழில். மனிதரிடம் கதை இவ்வளவு அழகாக முடியவில்லை. குழாய் விரித்த நோயாளிகளுக்கு ஹெபாரின் கொடுத்துப் பார்த்ததில் எலியில் கண்ட பலன் கிடைக்கவில்லை. எலியின் கழுத்து வேறு, நம் நெஞ்சு வேறு.

வளர் என்று சொல்வது எப்படி? இங்கேதான் நான் மனம் கொடுத்த இடம் வருகிறது. எஃப்.ஜி.எஃப்-2 என்று ஒரு வளர்ச்சிப் புரதம். 1984இல் ஃபோக்மன் கூடத்தில் ஷிங், கிளாக்ஸ்ப்ரன் முதலியோர் புற்றுக் கட்டியிலிருந்து இந்த வகைப் புரதத்தைப் பிரித்தெடுத்ததே ஹெபாரின் ஒட்டிய மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றித்தான். மற்றப் புரதமெல்லாம் ஒழுகிப் போக, இது மட்டும் சீனியை இறுகப் பிடித்துக்கொண்டது. கெட்டியான உப்புநீர் விட்ட பிறகே கைவிட்டது. 1991இல் யயோன் குழு அடுத்த படியைக் காட்டியது: கலத்தின் மேல் ஹெபாரான் சல்பேட் இல்லையென்றால், இந்தப் புரதம் தன் உண்மையான ஏற்பியில் ஒழுங்காகப் பொருந்தாது. சீனிச் சரம் நடுவில் நின்று புரதத்தையும் ஏற்பியையும் சேர்த்துவைக்கிறது. 2000இல் மூன்றும் கூடிய நிலையிலேயே படிகங்கள் கிடைத்தன.

சேர்த்துவைக்கச் சரத்தின் எந்த இடம் வேண்டும்? ஹெபாரின் சரத்தில் சல்பேட் உட்காரக்கூடிய முக்கிய இடங்கள் மூன்று. இடுரோனிக் அமிலம் என்ற சீனியில் இரண்டாம் இடம். பக்கத்துக் குளுக்கோசமைனில் நைட்ரஜன் மேல் ஒன்று. அதே குளுக்கோசமைனில் ஆறாம் இடம். இரசாயனக்காரர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றக் கற்றுக்கொண்டார்கள். காரநீரில் கரைத்து உறையவைத்து உலர்த்தினால் இரண்டாம் இடத்துச் சல்பேட்தான் பெரும்பாலும் போகும். வேறொரு கரைப்பானில் இதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் நைட்ரஜன் மேலுள்ளது போகும். இன்னொரு கரைப்பானில் சூட்டை ஏற்றினால் ஆறாம் இடம். சரம் அறுபடாமல், மற்ற இரண்டையும் தொடாமல், ஒன்றை மட்டும் எடுப்பது கைத்திறன் சார்ந்த விஷயம். சூடு ஒரு பிடி கூடினால் எல்லாம் கலைந்துவிடும்.

இப்படிக் கழற்றிய சரங்களைக் கலங்களிடம் கொடுத்தபோது கிடைத்த விடை அபாரமானது. எஃப்.ஜி.எஃப்-2 ஒட்டிக்கொள்ள இரண்டாம் இடத்துச் சல்பேட்டும் நைட்ரஜன் மேலுள்ள சல்பேட்டும் போதும். ஆறாம் இடத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனால் ஏற்பிக்கு ஆறாம் இடம் வேண்டும். அதை மட்டும் கழற்றிய ஹெபாரினைக் கொடுத்தால் வளர்ச்சிப் புரதம் போய் ஒட்டும், இறுகவும் ஒட்டும், ஏற்பியை எழுப்பாது. வெறுமனே பயனற்றுப் போகவில்லை. வேலை செய்யும் சரத்துக்குக் கிடைக்கவேண்டிய புரதத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு வளர்ச்சியையே தடுக்கிறது. 1993இல் கீமோன், லிண்டால், ராப்ரேகர் முதலியோர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முழு ஹெபாரின் வளர்க்கிறது. அதிலிருந்து ஓர் ஓரத்துச் சல்பேட்டை எடுத்தால் தடுக்கிறது. கந்தக அணு ஒன்று, ஆக்சிஜன்கள் சில. அதை நீக்கியதே வேலையைத் தலைகீழாக்குகிறது என்பது சாதாரண நுட்பமில்லை. நீளத்துக்கும் கணக்கு உண்டு: மிகக் குட்டையான துண்டு ஒட்டும், எழுப்பாது, புரதத்தையும் ஏற்பியையும் ஒருசேரத் தாங்க எட்டுப் பத்துச் சீனியாவது வேண்டும்.

குளுக்கோசமைனின் மூன்றாம் இடத்தில் எப்போதாவது ஒரு சல்பேட் உட்காரும். அபூர்வம். ஹெபாரின் சரங்களில் மூன்றில் ஒன்றில்தான் அது சரியான ஐந்து சீனிக் கோவைக்குள் அமைந்திருக்கும். ரத்தம் உறையாமல் தடுப்பது அந்த ஐந்துதான். இந்த ஐந்தையும் ஆய்வுக்கூடத்தில் கட்டியெழுப்ப ஐம்பதுக்கு மேற்பட்ட படிகள் தேவைப்பட்டன. 2001இல் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்தாக அது வெளிவந்தது. இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நெஞ்சுவலிக்காரருக்கும் சில பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வயிற்றில் போடும் இனொக்சாபாரின், ஹெபாரினைக் காரத்தால் உடைத்துக் குட்டையாக்கியது. மூன்றாம் இடம் ரத்தத்துக்கு, ஆறாம் இடம் குழாய்க்கு என்று பாகப்பிரிவினை செய்துவிட எனக்கும் ஆசைதான். உடம்பு அத்தனை சுத்தமாக எழுதிக் கொடுப்பதில்லை.

இதே துறையில் ராம் சசிசேகரன் என்ற பெயரைப் பார்த்ததும் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காருவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருப்பவர். ஹெபாரினை வெட்டும் பாக்டீரிய நொதிகள் அவர் கைச்சரக்கு. அந்த நொதியைக் கொடுத்தாலே புதிய குழாய் முளைப்பது அடங்குவதை 1994இல் காட்டினார். 2002இல் அவர் குழு செய்தது இன்னும் ரசமானது. புற்றுக் கலத்தின் மேலுள்ள ஹெபாரான் சல்பேட்டை ஒரு பக்கம் அந்த நொதிகளில் முதலாவதால் வெட்டினார்கள், மறுபக்கம் மூன்றாவதால். முன்னது சல்பேட் அடர்ந்த இடத்தில் வெட்டும், பின்னது சல்பேட் குறைந்த இடத்தில். இரண்டு துண்டுக் குவியல்களையும் எலிகளுக்குக் கொடுத்தபோது, முதலாவது கட்டியை வளர்த்தது, மற்றது கட்டியை ஒடுக்கியது. மூலச் சரம் ஒரே கலத்திலிருந்து வந்தது. எங்கே வெட்டினோம் என்பதுதான் வித்தியாசம்.

2008இல் அமெரிக்காவில் ஹெபாரின் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் சரிந்து பலர் இறந்தபோது, குற்றவாளியைக் கண்டுபிடித்ததிலும் சசிசேகரனுக்குப் பெரும் பங்கு உண்டு. சரக்கில் கலந்திருந்தது கொண்ட்ராய்டின் என்ற குருத்தெலும்புச் சீனிச் சரம். இயல்பாக இரண்டு சீனிக்கு ஒரு சல்பேட் இருக்கவேண்டியதில் இரசாயன முறையில் நாலு ஏற்றியிருந்தார்கள். பழைய சோதனை அதை ஹெபாரின் என்றே நம்பிவிட்டது. சல்பேட் எத்தனை என்று எண்ணத் தெரிந்த ஒருவர், எந்த இடத்தில் என்று கேட்காமல் விட்டதன் விலை அது.

இந்த மலைக்கு இந்த மாதிரிக் கணக்கு அந்நியமில்லை. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. ஒரு கொழுந்துக்குள் நடக்கும் இரசாயனத்தைத் துருவிக்கொண்டு அது நூறு வருஷம் ஓட்டிவிட்டது. 1999இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யிஹாய் காவோவும் ரென்ஹாய் காவோவும் எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதில் பச்சைத் தேயிலைச் சாயம் குடிக்கக் கொடுத்தார்கள். எலிகளின் கண்ணில் குழாய் முளைப்பது குறைந்தது. காரணம் என்று அவர்கள் சுட்டியது தேயிலையின் கேட்டச்சின் வகைப் பொருளை. அது சீனிச் சரம் இல்லை, வேறு குலம். ஹட்டன் பெக்டரியில் இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் ஏறவிடும்போது அந்தக் கேட்டச்சின்களில் பெரும்பகுதி ஒன்றோடொன்று கூடித் தியாஃபிளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாறிவிடும். நாம் குடிக்கும் சிவந்த சாயம் அந்த மாற்றத்தின் நிறம். ஆகவே அந்த எலிகளின் கோப்பையும் நம் பிளேன்டீயும் ஒன்றென்று யாராவது போத்தலில் ஒட்டி விற்றால் நம்பவேண்டாம். ஒரே செடியின் ஒரே கொழுந்து, கை வைத்த விதத்தால் வேறு பொருளாகிறது.

சீனிச் சரத்தை மனிதக் கையால் வேண்டியபடி திருத்தியதற்கு நல்ல சாட்சி டெக்ஸ்ட்ரான். சீனிப்பாகில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்தால் அது கொழகொழவென்று திரளும்; கரும்பாலைக்காரருக்குத் தலைவலி. குளுக்கோசைத் தவிர அதில் எதுவுமில்லை. இலங்கையில் டெங்கு வார்டுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்: குழாய்ச் சுவர் கசிந்து நோயாளி சரியும் கட்டத்தில் ஏற்றும் டெக்ஸ்ட்ரான் 40. கொழும்பில் கடை வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு லயத்துக்குத் திரும்பிய பையன்களின் தாய்மார் அந்தப் போத்தலைப் பார்த்திருப்பார்கள். குழாயின் உள்வரிக் கலங்கள்மேல் ஹெபாரான் சல்பேட்டும் ஹயலூரோனனும் சேர்ந்த மெல்லிய சீனிப் போர்வை ஒன்று உண்டு. டெங்கு வைரஸின் ஒரு புரதம் அந்தப் போர்வையைத் தின்னும் நொதிகளை உசுப்பிவிடுகிறது. போர்வை கிழிந்து நீர் கசிய, நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்க இன்னொரு சீனியை ஏற்றுகிறோம். இந்த டெக்ஸ்ட்ரான் கலத்திடம் எதுவும் பேசாது. சுமையில்லை, சல்பேட்டில்லை, கனத்தால் மட்டும் வேலை செய்யும்.

அதைப் பேசவைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். டெனி பாரிட்டோவும் அவரோடு இருந்த வேதியியலாரும் டெக்ஸ்ட்ரானின் குளுக்கோஸ்மேல் கார்பாக்ஸிமெத்தில் தொகுதிகளையும் சல்பேட்டுகளையும் அளந்து அளந்து ஏற்றினார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் வித்தை. சல்பேட் மிஞ்சினால் ஹெபாரின் மாதிரி ரத்தத்தை இளக்கிவிடும். குறைந்தால் வளர்ச்சிப் புரதம் திரும்பியும் பார்க்காது. சரியான அளவில் நிறுத்திய சரம், ஆறாத புண்ணில் சிதைந்துபோன ஹெபாரான் சல்பேட்டின் இடத்தில் போய் அமர்ந்து, எஃப்.ஜி.எஃப்-2 போன்ற புரதங்களை அழியவிடாமல் தாங்கிப் பிடித்து, குழாய்க் கலங்கள் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறது. காலில் நாள்பட்ட புண்ணுக்குத் தெளிக்கும் திரவமாகவும், ஆறாத கருவிழிக்குச் சொட்டு மருந்தாகவும் அது ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. புண்ணில் ஊறும் நொதிகள் ஹெபாரான் சல்பேட்டைச் சிறு சிறு துண்டுகளாக அரைத்துப் போடும். இந்தச் சரத்தை அவற்றால் வெட்ட முடியாது. அது உடம்பின் எழுத்தில் எழுதப்படவில்லை.